கோடரி முன்னே, காசு பின்னே!



மரத்திற்கு நோய். மருந்து கிடையாது. நோயுற்ற மரத்தை வெட்டிச் சாய்த்தாலொழிய அடுத்த தோப்பு பிழைக்காது. ஆளவந்தார் என்ன செய்ய வேண்டும்? "வெட்ட வேண்டியதுதானே, இதிலே என்ன ஆராய்ச்சி!" என்பர் சிலர். அவ்வளவு எளிதாக எண்ணிக் கோடரியைத் தூக்கிய ஓர் ஏகாதிபத்தியம் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

இன்று கானா என்ற பெயருடன் விளங்கும் நாடு, 1957க்கு முன்பு பிரிட்டிஷாரிடம் அடிமைப்பட்டுக் கிடந்த 'கோல்ட் கோஸ்ட்'. பெயரிலேதான் தங்கம்; மக்களுக்குச் சோறு போட்டது கோக்கோ. 1911 முதற்கொண்டு பல்லாண்டுகள் கோக்கோ ஏற்றுமதியில் உலகிலே முதலிடம் அந்நாட்டுக்கு. விளைவித்தவர்கள் வெள்ளைத் துரைமார்களல்லர். சிறு சிறு தோட்டம் வைத்துப் பாடுபட்ட ஆப்பிரிக்கக் குடியானவர்கள்!

அந்தத் தோட்டங்களிலே 1936இல் ஒரு நோய் கண்டறியப்பட்டது. தண்டு வீங்கும், இளந்தளிரின் நரம்பு சிவக்கும், சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். காரணம் வைரஸ். அதைச் சுமந்து செல்வது மாவுப்பூச்சி. அந்தப் பூச்சிக்கு எறும்புக் கூட்டம் மெய்க்காப்பாளர்! நோயுற்ற மரத்தை வெட்டுவதோடு, அதைத் தொட்டு நிற்கும் மரத்தையும் வெட்ட வேண்டும் என்றனர் ஆய்வாளர். ஏனெனில், நோய் உள்ளே புகுந்த பிறகும் மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. பச்சைப் பசேலென்று நின்று, காய்த்துக் குலுங்கிக்கொண்டே பக்கத்து மரத்துக்கு நோயைக் கொடுக்கும்.

ஆய்வாளர் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மையை யார் வாயால் கேட்டான் உழவன்?

1937இல் ஐரோப்பியக் கம்பெனிகள் கூடிப் பேசி விலையை அமுக்கியபோது, கோக்கோவை விற்க மறுத்துப் போராடியவன் அவன். போருக்குப் பிறகு உலகச் சந்தையிலே விலை ஏறிற்று. ஆனால் 1947இல் அமைந்த கோக்கோ வாரியம், விற்ற விலையிலே பாதியைக்கூட அவனிடம் தரவில்லை. மிச்சத்தை, 'உன் நன்மைக்காகவே சேமிக்கிறோம்' என்று வைத்துக்கொண்டது. அப்படிப்பட்ட சர்க்கார், 1946 டிசம்பரில் கட்டாய வெட்டு உத்தரவைப் பிறப்பித்து, காய்த்த மரத்தை வெட்ட ஆளை அனுப்பினால், "நோயை ஒழிக்க வருகிறான்" என்றா எண்ணுவான்? "நம்மை ஒழிக்க வருகிறான்" என்றே எண்ணினான்! பிள்ளையைப் போல் வளர்த்த மரம். புதுக் கன்று வைத்தால் பலன் தர ஐந்தாறு ஆண்டு. அதுவரை அடுப்பு எரிவது எதைக் கொண்டு? இந்தக் கேள்விக்கு, கோடரியோடு வந்தவனிடம் ஏற்கத்தக்க விடை இல்லை.

1948 பிப்ரவரி 28. அக்ரா நகரிலே, போரில் பிரிட்டனுக்காகப் பாடுபட்டுத் திரும்பிய மாஜி சிப்பாய்கள் மனுவோடு ஊர்வலம் சென்றனர். துப்பாக்கி வெடித்தது, மூவர் மாண்டனர், நகரம் கொந்தளித்தது. காரணங்களை ஆராய்ந்த வாட்சன் குழு, பல குறைகளோடு கோக்கோ மரம் வெட்டப்பட்டதையும் சேர்த்தே எழுதிற்று. வெட்டு நிறுத்தப்பட்டது. வெளிநாட்டு நிபுணர் மூவர் வந்து பார்த்தனர். அவர்கள் சொன்னதும் அதுவே: வேறு வழி இல்லை, வெட்டத்தான் வேண்டும்!

இனித்தான், தோழர்களே, நம் போன்றோர் கூர்ந்து கவனிக்க வேண்டிய கட்டம். மேடையிலே "வெட்டாதே!" என்று முழங்கினால் கிடைக்கும் கைதட்டல் இருக்கிறதே, அதன் சுவை பேச்சாளனுக்குத் தெரியும். நிக்ருமாவின் கட்சியும் கட்டாய வெட்டை எதிர்த்தது. 1951 பிப்ரவரித் தேர்தலில் வென்றது, சிறைக் கதவு திறந்தது, தலைவர் ஆட்சிப் பொறுப்பேற்றார், கட்டாயம் நின்றது. ஆனால் மாவுப்பூச்சி வாக்காளரல்லவே! அது தேர்தல் முடிவைப் பாராமல் தோட்டம் தோட்டமாகப் பரவிற்று. முடிவில் அந்த அமைச்சரவையும் கோடரியை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. வேறுபாடு என்ன? ஊர் ஊராகச் சென்று விளக்கம் சொன்னார்கள். ஈட்டுத் தொகையை உயர்த்தினார்கள். 1946 முதல் இன்றுவரை அந்நாட்டில் வெட்டப்பட்ட மரங்கள் 20 கோடிக்கும் மேல் என்பது கணக்கு.

ஈட்டுத் தொகை என்றதும் முகம் சுளிக்கும் கணக்கப்பிள்ளைகள் உண்டு. "செத்துப் போகும் மரத்துக்கு எதற்குப் பணம்?" என்பார்கள். ஐயா, அவன் மரத்தை வெட்டியதால் பிழைத்தது யாருடைய தோட்டம்? பக்கத்துக்காரனுடையது, நாட்டின் ஏற்றுமதி வருமானம். ஊர் பிழைக்க ஒருவன் இழந்தால், அந்த இழப்பை ஊர் பங்கிட்டுக்கொள்வதுதான் நியாயம். நியாயத்தை விடுங்கள், கணக்கையே பாருங்கள்: பணம் இல்லையென்றால் எவன் "என் தோட்டத்திலே நோய்" என்று தானாக வந்து சொல்வான்? மறைப்பான். வீங்கிய கிளையை மட்டும் இரவிலே ஒடித்துப் போட்டுவிட்டு, ஆய்வாளன் கண்ணில் மரத்தை நல்ல மரமாக்குவான்.

கொடுப்பது யாருக்கு என்பது அதனினும் சிக்கல். கானாவில் 'அபுசா' என்றொரு முறை. பாடுபடுபவனுக்கு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு. மரம் இருக்கும்வரைதான் பலருக்கு நிலத்தில் உரிமை. மரம் போனால் நிலம் உரியவரிடமே திரும்பிவிடுமோ என்று அஞ்சுவான். அவனிடம் போய், மரத்தை வெட்டச் சம்மதி என்றால், தன் காலடி மண்ணையே விட்டுக்கொடு என்பதாகத்தான் காதில் விழும். இந்நோய் இன்றும் ஒழியவில்லை. 2020இல் தொடங்கிய புனரமைப்புத் திட்டத்திலே நிலக்காரருக்கும் பயிரிடுபவருக்கும் தனித்தனியே ஈடு என்று வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால், அந்தப் பணம் மரம் சாய்வதற்கு முன்பே கைக்கு வருமா, சாய்ந்து வெகுநாள் கழித்து வருமா என்றுதான் தோட்டக்காரன் முதலில் கேட்பான்.