ஆமி உடுப்பைப் போடலாமா?

போன மார்கழி மாதம் நடந்தது. தம்பிக்குப் பதினாறு வயது. ரியூஷன் முடிந்து வர நன்றாக இருட்டிவிட்டது. குளிருக்கு ஒரு கறுப்பு பலக்ளாவா போட்டிருந்தான். தலை, வாய், மூக்கு எல்லாம் மூடி, கண் இரண்டும் மட்டும் தெரிகிற தொப்பி. லண்டனில் எந்த பஸ் தரிப்பிடத்திலும் இதைப் போட்ட பெடியளைப் பார்க்கலாம். அன்றைக்கு அவனுக்குக் கதவைத் திறந்தது அம்மம்மா.

அம்மம்மா கத்தவில்லை. கதவைப் பிடித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டார். "அம்மம்மா, இது நான்தான்" என்று தம்பி அதைக் கழற்றிய பிறகும், கொஞ்ச நேரம் அவனை யாரோ என்பதுபோலத்தான் பார்த்தார். தேத்தண்ணி குடித்து, கைநடுக்கம் நின்ற பிறகு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உதைப் போட்டுக்கொண்டு இந்த வீட்டுக்குள்ள வராதை, அப்பன். தலையாட்டி மாதிரிக் கிடக்கு."

தம்பிக்கு அந்தச் சொல் தெரியாது. எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். அன்று இரவு அம்மாதான் விளக்கமாகச் சொன்னார்.

ஊரில் சுற்றிவளைப்பு என்றால் ஆம்பிளையள் எல்லாரையும் கோயில் வீதியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ கொண்டுவந்து வரிசையாக இருத்துவார்கள். ஒரு ஜீப் வரும். அதற்குள் ஒருவர் இருப்பார். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவருக்கு முன்னால் நடக்கவேண்டும். அந்தத் தலை ஆடினால் ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். சாக்குக்குள் இருப்பது யார், அயலவரா, கூடப் படித்தவரா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் பெயரே தலையாட்டி. தெற்கிலும் 1980களின் கடைசியில், ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில், இதேபோலச் சாக்குப் போட்டவர்களைக் கொண்டுவந்து சிங்கள இளைஞர்களைப் பிடித்தார்கள். அங்கே அவர்களுக்கு 'கோணி பில்லா' என்று பெயர்.

அம்மம்மாவின் தம்பியைப் பார்த்தும் ஒருநாள் அந்தத் தலை ஆடியது. நான்கு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். அந்த நான்கு மாதத்தைப் பற்றி அவர் இதுவரைக்கும் யாரிடமும் கதைத்ததில்லையாம்.

இதற்குப் பிறகு எனக்கும் தம்பிக்கும், பிறகு என்னுடைய நண்பர்களுக்கும் ஒரு பெரிய வாக்குவாதம். படையில் இல்லாத நாங்கள் படையினரின் உடுப்பைப் போடலாமா, கூடாதா? என்னுடைய கருத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு உண்மையை ஒத்துக்கொள்ளவேண்டும். படையிடமிருந்து வந்த உடுப்பு எல்லாவற்றையும் ஒதுக்கினால் எங்களுடைய அலுமாரி பாதி காலியாகிவிடும். பலக்ளாவா என்பது கிரைமியாவில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1854இல் அங்கே போரிட்ட பிரித்தானியப் படையினருக்குக் குளிருக்காகப் பின்னி அனுப்பிய தொப்பிக்குத்தான் பிறகு அந்தப் பெயர் வந்தது. அம்மம்மா வீட்டில் எந்த நேரமும் போட்டிருக்கிற கார்டிகனும் அதே போரில் குதிரைப்படையை நடத்திய கார்டிகன் பிரபுவின் பெயர்தான். ட்ரெஞ்ச் கோட், முதலாம் உலகப்போரில் பதுங்குகுழிகளில் நின்ற அதிகாரிகள் போட்டது. பொம்பர் ஜக்கெற் விமானப்படையினருடையது. பெரிய பொக்கெற் வைத்த கார்கோ காற்சட்டையும் படையிலிருந்துதான் வந்தது. இவற்றைப் பார்த்து இன்றைக்கு யாரும் பயப்படுவதில்லை. காலம் போகப்போக அவை வெறும் உடுப்பாகிவிட்டன.

ஆனால் எல்லா உடுப்பும் அப்படி ஆகவில்லை. உருமறைப்பு உடுப்பை எடுத்துப் பாருங்கள். 1914இல் பிரெஞ்சுப் படையினர் சிவப்புக் காற்சட்டையோடுதான் போருக்குப் போனார்கள். தூரத்திலிருந்தே தெரிந்ததால் சுடுவது சுலபமாக இருந்தது. அடுத்த வருடமே பிரெஞ்சு இராணுவம் ஓவியர்களைச் சேர்த்து உருமறைப்புக்கு என்று ஒரு தனிப்பிரிவை உண்டாக்கியது. இன்றைக்கும் பல படைகள் அந்த வகை உடுப்பைத்தான் போடுகின்றன. அதாவது அந்தப் பச்சையும் மண்ணிறமும் இன்னும் வேலையில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ வளர்ந்த ஒருவருக்கு அது பாஷன் இல்லை. சென்றிப் பொயின்ரில் பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஞாபகம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமானது. சீருடை எதற்காக? படையில் இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்று பிரித்துக் காட்டத்தான். பொதுமக்களையும் போரிடுபவர்களையும் எப்போதும் வேறுபடுத்திப் பார்க்கவேண்டும் என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு மேலதிக நெறிமுறை சொல்கிறது. சீருடை இல்லாத மனிதரைச் சுடக்கூடாது என்பதற்கு அந்தக் கோடுதான் காவல். எங்களுடைய ஊரில் அந்தக் கோடு எத்தனையோ தடவை அழிந்தது. சாதாரண உடுப்பில் வந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். வெள்ளை வான் என்றாலே பயம் என்று ஆனது. அந்தக் கோடு அழிந்ததால் கஷ்டப்பட்ட சனத்தின் பிள்ளைகள் நாங்கள். அதை நாங்களே விளையாட்டுக்கு அழிக்கலாமா?

அப்படியென்றால் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டுமா? சில நாடுகளில் தடை இருக்கிறது. பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் போன்ற கரீபியன் நாடுகளுக்கு விடுமுறையில் போகிறவர்கள் கவனிக்கவேண்டும். அங்கே பொதுமக்கள் உருமறைப்பு உடுப்புப் போடுவது குற்றம். பார்படோஸில் சின்னப் பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான். பிரித்தானியாவில் அப்படி இல்லை. ஆனால் படையில் இல்லாதவர் உண்மையான படைச் சீருடையை அனுமதியில்லாமல் போடுவதை 1894ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நாடகத்தில் போடலாம். கனடாவின் குற்றவியல் சட்டத்திலும் இதேபோல ஒரு பிரிவு இருக்கிறது.

1936 ஒக்டோபர் 4ஆம் திகதி கிழக்கு லண்டனில் கேபிள் ஸ்ட்ரீற்றில் நடந்ததையும் சொல்லவேண்டும். மொஸ்லியின் பாசிசக் கட்சியினர் கறுப்புச் சட்டையோடு யூதர்கள் வாழ்ந்த பகுதிக்குள் அணிவகுத்துப் போக வந்தார்கள். அங்கிருந்த சனம் தெருவை மறித்து அவர்களைப் போகவிடவில்லை. அந்த வருடமே அரசியல் சீருடைகளைப் பொது இடத்தில் போடத் தடைச்சட்டம் கொண்டுவந்தார்கள். வெறும் சட்டைதானே என்று அந்தச் சனம் நினைக்கவில்லை. ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் தெருவில் இறங்கினால் அது மற்றவர்களைப் பயப்படுத்தத்தான் என்று அவர்களுக்கு விளங்கியது.

ஆனாலும் ஜக்கெற்றையும் தொப்பியையும் முழுதாகத் தடைசெய்வதை நான் ஆதரிக்கமாட்டேன். இந்த உடுப்பைப் போருக்கு எதிராகவும் போட்டிருக்கிறார்கள். 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினர் தங்களுடைய பழைய படை உடுப்போடே வோஷிங்டனுக்குப் போய், வாங்கிய பதக்கங்களைத் தூக்கி எறிந்தார்கள். எந்த உடுப்பு எந்தக் கருத்தைச் சொல்கிறது என்று பொலிஸ் முடிவெடுக்கத் தொடங்கினால், முதலில் தெருவில் மறிக்கப்படுவது எங்களைப்போல மண்ணிறத் தோல் உள்ள பெடியள்தான். அதனால் இதைச் சட்டத்திடம் விடாமல் நாங்களே யோசித்து முடிவெடுப்பது நல்லது.

இனி, கதைக்க எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமான விஷயம்.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது எடுத்த ஒரு படம் வீட்டில் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சி மேடையில் வரி உடுப்பும் தொப்பியும் போட்டு, கையில் மரத்துவக்கோடு நிற்கிறேன். அந்தத் தொப்பி காது வரைக்கும் இறங்கி நிற்கிறது. மண்டபம் முழுக்கக் கைதட்டியது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அன்றைக்குச் சரியான சந்தோஷம். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் கைதட்டு ஞாபகம் வருவதில்லை. அந்த வயதுக்குச் சில வருடங்களே கூடிய பிள்ளைகள் அங்கே உண்மையான துவக்கோடு நின்றார்கள் என்பதுதான் ஞாபகம் வருகிறது. அவர்களில் பலர் வீடு திரும்பவில்லை.

"இறந்தவர்களை மறக்கச் சொல்லுறியா?" என்று ஒரு நண்பன் கோபத்தோடு கேட்டான். இல்லை. விளக்கு வைக்கலாம், பூ வைக்கலாம், அவர்களின் பெயரைச் சொல்லலாம். எங்களுடைய வீட்டுச் சுவரிலும் மாலை போட்ட படம் இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளைக்குப் படை உடுப்பைப் போட்டு மேடையில் ஏற்றினால், அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது இழப்பை இல்லை. உடுப்பு எவ்வளவு வடிவு என்பதைத்தான். பிரித்தானியாவில் விடுதலைப் புலிகள் அமைப்பு 2001இலிருந்து தடையில் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட அமைப்பின் ஆதரவாளர் என்று நியாயமான சந்தேகம் வரும்படி பொது இடத்தில் உடுப்பது பயங்கரவாதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் குற்றம். ஆனால் அந்தச் சட்டமே இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்லுவேன். பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

பெரியவர்களான எங்களுக்கு? நான் எனக்கென்று மூன்று விஷயங்களை முடிவுசெய்திருக்கிறேன். ஒரு படையின் சின்னம், கொடி, இலக்கம் உள்ள எதையும் போடுவதில்லை. கம்டன் சந்தையில் வாங்கிய என்னுடைய பழைய ஜேர்மன் இராணுவ ஜக்கெற்றின் கையில் தைத்திருந்த கொடியைப் பிரித்து எடுத்துவிட்டேன். உருமறைப்பு உடுப்பை ஊருக்குக் கொண்டுபோவதும் இல்லை, எங்களுடைய வயதான ஆட்கள் கூடுகிற இடத்துக்குப் போடுவதும் இல்லை. மூன்றாவது, முகத்தை மூடிக்கொண்டு யாருடைய வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை.

"நான் என்ன நினைச்சுப் போடுறன் என்பதுதானே முக்கியம்?" என்று தம்பி கேட்டான். ரீசேட்டுக்கு அது சரி. ஆனால் இந்த உடுப்புகள் பார்ப்பவரைப் பயப்படுத்தவும் பணியவைக்கவும் பயன்பட்டவை. அதனால் பார்க்கிறவருக்கும் இதில் பங்கு உண்டு. நீங்கள் என்ன நினைத்துப் போட்டீர்கள் என்று கதவைத் திறக்கிற அம்மம்மாவுக்குத் தெரியாதே.

தம்பி பலக்ளாவாவை எறியவில்லை. எறியச் சொல்லி நானும் கேட்கவில்லை. லண்டன் குளிர் அப்படி. ஆனால் எங்களுடைய தெரு முனைக்கு வந்ததும் அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத்தான் இப்போது வீட்டுக்கு வருகிறான்.

உங்களுடைய அலுமாரியிலும் இப்படி ஏதாவது இருக்கும். அடுத்த முறை போடுவதற்கு முன்பு, உங்களுடைய அம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ அதைக் காட்டி, "இதைப் பார்க்க உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?" என்று ஒருக்காக் கேட்டுப் பாருங்கள்.