ஆலோசகருக்கும் உரிமம் வேண்டும்



சிங்கப்பூரில் பள்ளி ஆலோசகர்களைக் கல்வி அமைச்சு தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. ஆனால் பிள்ளையை வெளியே தனியார் ஆலோசகரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோர் எதைப் பார்த்து நம்புவது? இங்கு இயன்முறைச் சிகிச்சையாளரும் பேச்சுச் சிகிச்சையாளரும் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்தே ஆகவேண்டும். ஆலோசகருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கத்தின் பதிவேட்டில் சேர்வது அவரவர் விருப்பம். பக்கத்து மலேசியாவிலோ 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவும் தொழில்புரியும் சான்றிதழும் கட்டாயம். சான்றிதழைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

இங்கும் தொடர்கல்வியையும் மேற்பார்வையையும் நிபந்தனையாக்கி, புதுப்பிக்கத்தக்க உரிமம் கொண்டுவரலாம். கட்டணம் மட்டும் குறைவாக இருக்கட்டும். தமிழில் பேசிப் புரியவைக்கும் ஆலோசகர்கள் அதற்கு அஞ்சி ஒதுங்கிவிடக்கூடாது.

- ஒரு தாய், பாசிர் ரிஸ்