கல்கத்தா ஏலமும் அரைப் பங்கும்

பெங்களூருவில் விளையாட்டு ஏலம் என்றாலே ஐபிஎல்தான் நினைவுக்கு வரும். 2022 பிப்ரவரியில் ஐடிசி கார்டீனியா ஹோட்டலில் இரண்டு நாள் நடந்ததை நாடே பார்த்தது. பூல், கோல்ஃப் போட்டிகளை ஒட்டி உலகின் பல ஊர்களில் நடக்கும் ஏலம் வேறு வகை. அதற்குப் பெயர் ‘கல்கத்தா’. அந்த நகரத்துக் குதிரைப் பந்தயச் சீட்டுகளிலிருந்து வந்த பெயர் அது. ஐபிஎல்லில் ஏலத்தொகை ஆட்டக்காரருக்குச் சம்பளமாகப் போகிறது. கல்கத்தாவில் ஏலம் எடுப்பவர் வாங்குவது அந்த ஆட்டக்காரர் ஜெயித்தால் மொத்த ஏலப் பணத்திலிருந்து வரக்கூடிய பங்கை மட்டுமே. ஆடுகிறவருக்கு அந்தப் பணத்தில் தானாக எதுவும் சேராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16 பேர் ஆடுகிறார்கள், போட்டிக்கு முன் ஒவ்வொரு பெயரும் ஏலத்துக்கு வருகிறது, மொத்தம் 60,000 ரூபாய் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடத்துபவர் பத்து சதவீதம் கழித்தால் மீதி 54,000. முதலிடத்துக்குப் பாதி என்று பேசியிருந்தால், வென்றவரை ஏலம் எடுத்தவருக்கு 27,000. அவர் 8,000 கொடுத்து எடுத்திருக்கலாம். இங்கே ஒரு வழக்கம் உண்டு: ஆட்டக்காரர் விரும்பினால் அதே விலையில் தன் பெயரிலுள்ள பங்கில் பாதியைத் தானே வாங்கிக்கொள்ளலாம். 4,000 கொடுத்தால் 13,500 அவருக்கு.

தகராறுகளில் பெரும்பாலானவை இந்த அரைப் பங்கில்தான் தொடங்கும். ‘மூணுதரம்’ சொல்லி முடித்ததும் ஆட்டக்காரர் தலையை ஆட்டிவிட்டு டேபிளுக்குப் போகிறார், பணம் தரவில்லை. முதல் சுற்றிலேயே தோற்றால் அந்தத் தலையாட்டல் யாருக்கும் நினைவிருக்காது. ஜெயித்துவிட்டால், பாதி தன்னுடையது என்று வந்து நிற்பார்; ஏலம் எடுத்தவரோ பணம் வரவில்லையே என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எழுதி வைக்காததுதான் கோளாறு. முதல் பிரேக் அடிப்பதற்குள் பணம் கைமாறி, ஏலத் தாளில் பெயர் ஏறினால்தான் பங்கு என்ற விதி ஒன்றே இதற்கு மருந்து. அரைப் பங்கு வாங்காத ஆட்டக்காரர் ஜெயித்தால், எடுத்தவர் அவருக்கு ஏதாவது கொடுப்பது மரியாதை. உரிமையாகக் கேட்க முடியாது. எடுத்தவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஷாட்டுக்கும் முகம் சுளிக்கக் கூடாது.

இதைவிட ஆழமான சிக்கல், ஒரே ஆள் இரண்டு பேரை எடுத்து, அவர்கள் அரையிறுதியில் மோதும்போது வரும். யார் ஜெயித்தாலும் அவருக்குக் கவலையில்லை, ஆனால் இருவரில் யாருடைய முழுப் பங்கு அவரிடம் இருக்கிறது என்பது கணக்கை மாற்றும். பார்வையாளர்கள் அந்த ஆட்டத்தைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். திறமை குறைந்தவருக்குத் தரும் சலுகையான ஹாண்டிகேப் விஷயமும் இப்படித்தான். 1955-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் டீப்டேல் கோல்ஃப் கிளப்பில், நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் பொய்யாகப் பெரிய ஹாண்டிகேப் காட்டி வென்றார்கள். அவர்களைச் சுற்றி நடந்த கல்கத்தா ஏலத்தில் பெருந்தொகை கைமாறியது. அதன் பிறகு அமெரிக்க கோல்ஃப் சங்கம் இத்தகைய ஏலங்களை வெளிப்படையாக எதிர்த்தது.

சண்டை வந்தால் கோர்ட்டுக்குப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: போக முடியாது. நம்மூர் ஏலச்சீட்டை நினைத்துப் பாருங்கள். பதிவு செய்த சீட்டில் நடத்துபவரின் கழிவுக்குக்கூட 1982 சிட் ஃபண்டு சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. பணம் தராவிட்டால் முறையிட இடம் உண்டு. பந்தயப் பணத்துக்கு அது கிடையாது. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, பந்தயத்தில் வென்றதையோ, முடிவுக்காக மூன்றாம் ஆளிடம் கொடுத்து வைத்ததையோ கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது. குதிரைப் பந்தயத்தில் 500 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள பரிசுக்காகச் சேர்க்கும் பணத்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே பொதுப்பணத்தை வைத்திருப்பவர் ஏலத்தில் ஒரு பைசாவும் போடாதவராக இருப்பது முக்கியம்.

கர்நாடகத்தில் இன்னொரு கோடும் இருக்கிறது. 1963 கர்நாடக போலீஸ் சட்டத்தின் 176-ஆம் பிரிவு, திறமை ஆட்டங்களையும் அதில் கலந்துகொள்பவர்கள் வைக்கும் பந்தயத்தையும் சூதாட்டக் குற்றத்திலிருந்து விலக்கியது. 2021 திருத்தம் அந்த விலக்கைச் சுருக்கப் பார்த்தது. 2022 பிப்ரவரி 14-இல் உயர் நீதிமன்றம் திருத்தத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. கலந்துகொள்பவர் என்ற சொல்லைக் கவனியுங்கள். அரைப் பங்கு வாங்கும் ஆட்டக்காரர் அதற்குள் வருகிறார். வெளியே உட்கார்ந்து ஏலம் எடுப்பவர் அத்தனை எளிதாக வரமாட்டார்.

சட்டம் தண்டிக்காவிட்டால் தப்பில்லை என்றும் ஆகாது. 2019 கர்நாடக பிரீமியர் லீக் மேட்ச் ஃபிக்சிங் வழக்கை 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, அந்தச் செயல் ஆட்டக்காரரின் நேர்மையின்மையைக் காட்டலாம், ஆனால் நடவடிக்கை கிரிக்கெட் வாரியத்தின் வேலை என்றது. பூல் ஹாலில் அந்த வாரியத்தின் இடத்தில் நிற்பவர் போட்டி நடத்துபவர்தான். ஸ்னூக்கர் வீரர் பங்கஜ் அத்வானி போன்றவர்களை வளர்த்த பெங்களூருவில் ஓர் ஆட்டம் சந்தேகத்துக்கு இடமாவதை நான் ஏற்கமாட்டேன். ஏலம் வைத்தே தீருவது என்றால், நடத்துபவர் அந்தப் பத்து சதவீதத்தை எடுக்காமல் இருக்கட்டும். பொதுச் சூதாட்டக் கூடமா என்று பார்க்கும்போது, இடத்தை வைத்திருப்பவர் அதில் லாபம் எடுக்கிறாரா என்பதையும் சட்டம் பார்க்கிறது.