அச்சுப்பிழை நோட்டும் நம் ஆசையும்

எங்கள் சிதறாலில் அண்டி ஆபீசுக்குப் போகும் அக்கா ஒருவருக்குச் சம்பளத்தோடு ஒரு 100 ரூபாய் நோட்டு வந்தது. இரண்டு இடத்தில் இருக்க வேண்டிய எண், அதில் ஓரிடத்தில் அச்சாகவே இல்லை. கடைக்காரர் கள்ளநோட்டு என்று வாங்க மறுத்தார். பக்கத்து வீட்டுப் பையனோ, “இதுக்கு லட்சக்கணக்கில கிடைக்கும்” என்று கைப்பேசியில் விளம்பரம் ஒன்றைக் காட்டினான். பதிவுக் கட்டணமென்று அக்கா 1,500 ரூபாய் அனுப்பினார். பிறகு வரியென்று மேலும் கேட்டார்கள். லட்சமும் வரவில்லை, அனுப்பிய பணமும் திரும்பவில்லை.

கடைக்காரர் சொன்னதும் தவறு, பையன் சொன்னதும் தவறு என்பதே எங்கள் கருத்து.

அச்சகத்திலும் பிழை நேரத்தான் செய்கிறது. 2017 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் ஷியோபூர் மாவட்ட விவசாயிகளுக்கு, வங்கியிலிருந்தே காந்தியடிகளின் படமில்லாத 2,000 ரூபாய் நோட்டுகள் கிடைத்தன. அவர்கள் பதறிப்போனார்கள். அவை நல்ல நோட்டுகளே, அச்சில் தவறியவை என்று கூறி வங்கி திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குச் சற்று முன், 2016 நவம்பரில், புதிய 500 ரூபாய் நோட்டுகளில் பிழை தெரிந்தபோது, அவற்றைத் தயங்காமல் ஏற்கலாம், அல்லது தன்னிடம் திருப்பித் தரலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது.

பிழை அச்சகத்தில் நேர்ந்ததா, பின்னர் யாருடைய கைவேலையா என்று முதலில் பார்க்க வேண்டும். தாள் மடிந்தபடியே அச்சுப்பொறிக்குள் போயிருந்தால், மடிப்பை விரித்ததும் நடுவே வெள்ளைக் கீற்று தெரியும். சித்திரம் அதன் இரு கரையிலும் அறுந்து நிற்கும். எண்ணை யாரேனும் அழித்திருந்தாலோ, அவ்விடத்தில் தாள் தேய்ந்தோ பின்னணி நிறம் வெளுத்தோ இருக்கும். ஒரு பூதக்கண்ணாடி போதும். எண்ணோடு நட்சத்திரம் இருப்பது பிழையே அல்ல. அச்சில் கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாக வைக்கப்படுவது அது. 2006 முதல் வருகிறது. அதையும் மக்கள் சந்தேகிக்கவே, செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் விளக்க வேண்டியதாயிற்று.

இனி விலை. 2018-இல் வெளியான ஆஸ்திரேலிய 50 டாலர் நோட்டில், அந்நாட்டின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினரான ஈடித் கோவனின் உரை பொடி எழுத்தில் உள்ளது. அதில் ‘பொறுப்பு’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் ஓரெழுத்து விடுபட்டுவிட்டது. (பொறுப்பு என்ற சொல்லிலேயே இவ்வளவு பொறுப்பின்மை!) பிழை தெரியவந்தபோது புழக்கத்தில் இருந்தவை 4 கோடியே 60 லட்சம் நோட்டுகள். இத்தனை பேரிடம் இருப்பதை அரிது என்று யார் விலை கொடுப்பார்கள்? அரிதாகவும், பளிச்சென்று தெரிவதாகவும், கசங்காததாகவும் இருந்தால்தான் சேகரிப்பாளர் கூடுதல் தருவார். அவரும் விற்பவரிடம் கட்டணம் கேட்கமாட்டார். பழைய நோட்டை வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

கோயில் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடும்படியும் சிலர் அக்காவிடம் சொன்னார்கள். செல்லாது என்று நாம் நினைப்பதை ஆண்டவருக்குக் கொடுப்பது என்ன நியாயம்? பிழை அச்சகத்தினுடையது, நஷ்டம் மட்டும் கடைசியாகக் கைநீட்டி வாங்கிய கூலிக்காரிக்கா?

சேகரிப்பாளரிடம் காட்டியிருந்தால் ஒருவேளை சற்றுக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஆனால் அக்காவுக்கு அன்று மாலையே அரிசி வேண்டியிருந்தது. நாங்கள் மூவர் அவரோடு மார்த்தாண்டத்தில் ஒரு வங்கிக்குப் போனோம். காசாளர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்ல நோட்டுதான் என்று சொல்லி வேறொன்று கொடுத்தார். அக்கா அதை எங்களிடம் நீட்டிக் கேட்டார்: “இதில ரெண்டு இடத்திலயும் நம்பர் இருக்கா, மக்களே?”