அங்கச்சேதமே முடிவன்று
எலும்பிலே புற்று கண்ட அவயவத்தை வெட்டியெறியாமல் காத்து, இழந்த எலும்பை மீண்டும் நிர்மாணிக்கும் சிகிச்சை ஏழைக் குழந்தைக்கும் உரிமையாகக் கிட்டவேண்டும் என்பதே நமது திடமான அபிப்பிராயம். 1977இல் கனடாவின் இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ் எலும்புப் புற்றால் தமது வலக்காலை முழங்காலுக்கு மேலே இழந்த காலத்தில் அங்கச்சேதமே பிரதான மார்க்கமாக இருந்தது. அறுவைக்கு முன்னும் பின்னும் அளிக்கும் கீமோதெரபி வேரூன்றிய பிறகோ, தகுந்தவர்களுக்குக் காலைக் காப்பாற்றுவதால் ஆயுள் குறைவதில்லை என்பது நிரூபணமாயிற்று. நீக்கிய எலும்புக்குப் பதிலாகப் பொருத்தும் உலோக மூட்டுக்குப் பெரும் பொருள் வேண்டும், வளரும் பிள்ளைக்கு அதை நீட்டிக்கொண்டே போகவும் வேண்டும் என்பது மெய்தான். ஆயினும் ஜப்பானின் கனஸாவா சர்வகலாசாலை வைத்தியர்கள் காட்டிய வழியில், கட்டி கண்ட எலும்பையே வெளியே எடுத்து, கட்டியைச் சுரண்டி நீக்கி, பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரி குளிர்ந்த திரவ நைட்ரஜனில் 20 நிமிஷம் அமிழ்த்திப் புற்றணுக்களை மாய்த்து, மீண்டும் அதே இடத்தில் வைத்துத் தகட்டால் பிணைக்கும் முறை, நோயாளியின் சொந்த எலும்பையே அளவு பிசகாமல் அவனுக்குத் திருப்பித் தருகிறது. தொற்றும் முறிவும் இதிலும் நேர்வதுண்டு. அதனினும் நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று: முழங்கால் வீக்கத்தை அடிபட்டதென்று எண்ணி எண்ணெய் தேய்த்து வாரங்களைக் கழிப்பதும், தகாத இடத்தில் கீறித் திசுப் பரிசோதனை செய்து புற்றைப் பரவவிடுவதும், தப்பியிருக்கக்கூடிய காலைப் பறித்துவிடுகின்றன. ஆகவே சர்க்கார், திசுப் பரிசோதனையை இறுதி அறுவை நிகழும் நிலையத்திலேயே நடத்துமாறு விதித்து, தானமாகப் பெற்ற எலும்பைச் சேமித்து வழங்கும் எலும்பு வங்கிகளை ஸ்தாபித்து, குழந்தைகளின் உலோக மூட்டுக்கும் அதை நீட்டும் ஒவ்வொரு தடவைக்கும் ஆகும் செலவு முழுவதையும் தானே ஏற்கவேண்டும்.