விஸ்வநத்தம் வெயிலும் கணினியின் வேகமும்

தீபாவளி போனஸ் வந்ததும் ஒரு மேசைக் கணினி வாங்குவது என்று உங்கள் வீட்டில் முடிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விஸ்வநத்தத்திலிருந்து சிவகாசிக்குப் போகிறீர்கள். கடைக்காரர் இரண்டு பிராசசர்களைக் காட்டுகிறார். "இது பூட்டிய சில்லு, தம்பி. அது பூட்டாதது. கொஞ்சம் கூடக் கொடுத்தால் ஓவர்கிளாக் செய்து வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம்" என்கிறார். அப்பா உங்கள் முகத்தைப் பார்க்கிறார். என்ன சொல்வீர்கள்?

வேண்டாம் என்று சொல்லுங்கள் என்பதே என் கருத்து. காரணங்களைக் கூறுகிறேன். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பிராசசர் என்பது கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் அடங்கிய சில்லு. ஒரு துடிப்புக்கு ஏற்ப அவை திறந்து மூடுகின்றன. 1971-இல் வந்த இண்டெல் 4004 சில்லில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்களே இருந்தன. அதன் துடிப்பு நொடிக்கு 7 லட்சத்துச் சொச்சம். இன்றைய சாதாரணச் சில்லு நொடிக்கு 400 கோடி முறை, அதாவது 4 கிகாஹெர்ட்ஸ் அளவில் துடிக்கிறது. தயாரிப்பாளர் குறித்த வேகத்தைத் தாண்டித் துடிக்க வைப்பதுதான் ஓவர்கிளாக்கிங்.

அது எப்படி முடிகிறது? ஒரே தகட்டில் பிறந்த சில்லுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சோதித்துப் பார்த்துத் தரம் பிரித்து விற்கிறார்கள். பழுது வராமலிருக்கக் கொஞ்சம் இடைவெளியும் விட்டுவைக்கிறார்கள். 1998-இல் வந்த செலரான் 300ஏ என்ற மலிவுச் சில்லு இதனால்தான் புகழ்பெற்றது. 66.67 மெகாஹெர்ட்ஸை 4.5-ஆல் பெருக்கினால் அதன் வேகம் 300. அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கினால்? 450! குறைந்த விலைச் சில்லு, மிக உயர்ந்த விலைச் சில்லின் வேகத்தை எட்டிப் பிடித்தது. அந்த நாளில் நான் அதைத் தாராளமாகச் சிபாரிசு செய்திருப்பேன்.

இன்று அந்த லாபம் போய்விட்டது. சூடு குறைவாக இருந்தால் இன்றைய சில்லுகள் தாமாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. நமக்கென்று மிச்சம் வைக்கப்படுவது கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்தைப் பெற, இண்டெலில் கே என்ற எழுத்து சேர்ந்த சில்லும் இசட் வகை மதர்போர்டும் வேண்டும். ஏ.எம்.டி. ரைசன் சில்லுகள் பெரும்பாலும் பூட்டாதவை. ஆனால் மலிவான ஏ520 போர்டு அதற்கு இடம் தராது. கூடவே பெரிய விசிறியும் வாங்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடுவதால் பிறக்கும் வெப்பம், துடிப்புக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். வேகத்தை 10 சதவீதம் உயர்த்த, மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் உயர்த்த நேர்ந்தால் என்ன ஆகும்? 1.1 × 1.1 × 1.1 = 1.331. வேகம் பத்துப் பங்கு கூட, வெப்பம் முப்பத்து மூன்று பங்கு கூடிவிட்டது!

அந்த வெப்பம் எங்கே போகும்? விசிறி அறைக் காற்றைத்தான் வீசுகிறது. ஆகவே சில்லின் சூடு எப்போதும் அறையின் சூட்டுக்கு மேலேதான் நிற்கும். 28 டிகிரி அறையில் 75 டிகிரியில் ஓடும் சில்லு, 40 டிகிரி அறையில் ஏறத்தாழ 87 டிகிரியைத் தொடும். 95, 100 டிகிரியை நெருங்கினால் பல சில்லுகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய வேகத்தைச் சித்திரை வெயில் பிடுங்கிக்கொள்கிறது! தீக்குச்சி உலரவும் பட்டாசு மருந்தில் ஈரம் சேராதிருக்கவும் நம் வட்டாரத்தின் வறண்ட வானிலை உதவுகிறது. அந்தத் தொழில்கள் இங்கே வேரூன்ற அதுவும் ஒரு காரணம். சில்லுக்கோ அது ஆகாது.

இன்னொன்று. பத்து நிமிட வேலையில் பிராசசரின் பங்கு நான்கு நிமிடம் என்போம். மீதி நேரம் கோப்பைத் திறக்கவும் சேமிக்கவும் போகிறது. பிராசசர் 10 சதவீதம் வேகமானால் 240 நொடி 218 ஆகும். 600 நொடியில் மிச்சம் 22. காலண்டர் படம் வடிவமைக்கும் அச்சகக் கணினிகளைக் கவனியுங்கள். பெரிய படத்தைத் திறக்கும்போது அவை பெரும்பாலும் காத்திருப்பது நினைவகத்துக்கும் வட்டுக்கும்தான்.

எனவே 2022-இல் வந்த கோர் ஐ3 12100 போன்ற பூட்டிய சில்லே போதும். நான்கு கோர், எட்டுத் திரெட், படம் காட்டும் பகுதி உள்ளேயே. ஆறு கோர் வேண்டுமானால் 2021-இன் ரைசன் 5 5600ஜி. அது பூட்டாததுதான், ஆனால் அதற்காக அதை வாங்க வேண்டாம். மிச்சப் பணத்தில் 16 ஜி.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி. வட்டும் வாங்குங்கள். பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தூசியைத் துடையுங்கள்.

ஓவர்கிளாக் செய்வதில் வேடிக்கையே இல்லை என்று நான் சொல்லவில்லை. யாரோ கழித்த பழைய கணினி கிடைத்தால் செய்து பாருங்கள், நிறையக் கற்கலாம். ஆனால் நம் ஊருக்குப் பொருத்தமான விளையாட்டு இதற்கு நேர் எதிரானது: வேகத்தை அப்படியே வைத்து மின்னழுத்தத்தைக் குறைப்பது. போர்டு அதற்கு இடம் தந்து, சில்லும் தாங்கி, 10 சதவீதம் குறைக்க முடிந்தால் 0.9 × 0.9 = 0.81. வெப்பத்தில் 19 சதவீதம் மிச்சம். சிறு சிறு படியாகக் குறையுங்கள். ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் கடினமான வேலை கொடுத்து, சூட்டையும் அறை வெப்பத்தையும் நோட்டில் குறியுங்கள். கணினி தடுமாறினால் ஒரு படி மேலே வாருங்கள். இதே சோதனையை மார்கழியிலும் சித்திரையிலும் செய்து இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.