ரெண்டே ரெண்டு மீன்தானே மச்சி?

புளியஞ்சோலைக்கு டூர் போகிற எந்த செட்டை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒருத்தன் இருப்பான். பையில் துண்டு இருக்காது, சோப்பு இருக்காது. ஆனால் கொசுவலைத் துண்டோ, நரம்பும் தூண்டில்முள்ளுமோ கட்டாயம் இருக்கும். விரல் நீளக் குஞ்சுகள் நாலைந்தைப் பிடித்து மசாலா தடவிக்கொண்டே, "ரெண்டே ரெண்டு மீன்தானே மச்சி, ஆறு என்ன வத்திடப் போகுதா?" என்பான்.

வத்தாதுதான். ஆனால் பி.காம். படிக்கிறவனே இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? ஒரு தடவைகூட முட்டை போடாத மீன் முதல். போட்டு முடித்த மீனில் அளவாக எடுப்பது வட்டி. முதலையே வறுத்துத் தின்றுவிட்டு அடுத்த வருஷம் வட்டி எங்கே என்று தேடினால் எப்படி?

வெளிநாட்டு டிரவுட் ஏரிகளில் இந்தக் கணக்கைத்தான் விதியாக வைத்திருக்கிறார்கள். படகை மெதுவாக ஓட்டி, பின்னால் பொய் இரையை இழுத்துக்கொண்டு போவதை டிரோலிங் என்பார்கள். மாட்டிய மீனை அளந்து பார்த்து, குட்டையாக இருந்தால் உயிரோடு விட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பும் உண்டு. ஊர் மாறினால் அளவும் மாறும் என்பதால், தூண்டிலைத் தொடும் முன் விதியைப் படிக்கிறார்கள். இமாச்சலில் முட்டையிடும் காலமான நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரவுட்டைத் தொடவே கூடாது.

உடனே, "அதெல்லாம் துரைமார் பொழுதுபோக்கு" என்று ஒரு பதில் வரும். பாதி உண்மை. நீலகிரிக்கென்று வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் 1879-லேயே வந்தது. அப்போது அங்கே டிரவுட் காலூன்றக்கூட இல்லை! 1860-களில் ஃபிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று தோற்றிருந்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி.வில்சன் வந்த பிறகுதான் மீன் நிலைத்தது. துரைமார் சட்டம் போட்டது தங்கள் விளையாட்டுக்காகத்தான், மலைமக்கள் மேல் பாசத்தால் இல்லை.

ஆனால் புளியஞ்சோலைக்கு மேலே என்ன இருக்கிறது? அதே ஐயாற்றங்கரையில் அறப்பளீஸ்வரர் கோயில். அறுத்துச் சமைத்த மீன் ஒட்டிக்கொண்டு ஆற்றில் துள்ளி ஓடியதாகக் கதை சொல்லி, ஆற்று மீனுக்குச் சோறு போடுகிறார்கள். எந்த துரை சொல்லிக்கொடுத்தான்? மேலே நாமக்கல் மாவட்டத்தில் சாமியாக இருக்கிற மீன், ஆகாய கங்கையில் விழுந்து திருச்சி மாவட்டத்துக்கு வந்ததும் சைடு டிஷ் ஆகிவிடுகிறது :-(

சாமி வேண்டாம், சட்டம் போதும் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டு வனச்சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி மீன் பிடிப்பதே குற்றம். வெடி போடுவதையும் நஞ்சு கலப்பதையும் 1897 மீன்வளச் சட்டம் தடுக்கிறது. பிளீச்சிங் பவுடர் கொட்டுவது நஞ்சு கலப்பது இல்லையா என்ன? குஞ்சு, சினை, நண்டு என்று எதுவும் மிஞ்சாது. மூலச் சட்டத்தில் அதற்கு அபராத உச்சவரம்பு வெறும் 200 ரூபாய். இன்றைக்கு அது ஒரு பிரியாணி விலை!

இதெல்லாம் கோடைக்குக் குளிக்க வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? சட்டப் புத்தகத்தைத் தேடிப் போகிறவன் சுற்றுலாவுக்கு வரமாட்டான். எது கூடாது, பிடித்தால் என்ன தண்டனை என்று குளிக்கும் இடத்திலேயே கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி வைக்க வேண்டியது வனத்துறையின் வேலை. அதைச் செய்யாமல் அபராதம் மட்டும் போட்டால், மாட்டியவன் திருந்தமாட்டான், அடுத்த தடவை பாறைக்கு அந்தப் பக்கம் போவான்.

நம்ம மச்சிக்கு மீன் தின்றே தீர வேண்டுமென்றால், திரும்பும்போது துறையூரில் இறங்கி ஜிலேபிக் கெண்டை வாங்கிக்கொள்ளட்டும். அந்த மசாலா அதற்கும் ஒட்டும்.